செவலையிடம் படித்த பாடம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னதும் இரண்டு நாள் யோசித்தேன். காதல் கவிதையும் வரவில்லை, 'நாளைய இந்தியா இளைஞர் கையில்' என்ற கட்டுரையும் வரவில்லை. திரும்பத் திரும்ப எங்கள் வீட்டுப் பசு செவலையின் முகம்தான் வந்து நின்றது. சிரிக்காதீர்கள்! மெக்கானிக்ஸ் பாடத்தில் நான் புரிந்துகொள்ளாத ஒன்றை அவள்தான் எனக்குப் புரிய வைத்தாள்.

செவலைக்கு அது மூன்றாவது ஈற்று. புரட்டாசிக் கடைசியில் கன்று போட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தரையெல்லாம் சேறு. கன்று போட்ட பத்தாம் நாள் காலையில் பால் கறக்கப் போன அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மடியில் கை வைத்ததும் விட்டாள் ஒரு உதை! எட்டிப் பார்த்தால், பின்பக்க இடது காம்பு இருக்கும் பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. சிந்திய பாலில் திரிதிரியாகக் கட்டி.

எங்கள் பகுதி கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, "மடிநோய்" என்றார். பசுவின் மடி வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நான்கு தனி அறைகளாம். ஓர் அறையில் நோய் வந்தால் மற்ற மூன்றும் தப்பிக்கலாம். கறந்து முடித்ததும் காம்பின் நுனித் துவாரம் உடனே மூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சேற்றில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். "கறந்தவுடனே தீவனம் போட்டு நிக்க வைங்க" என்றார். எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் தெரியாத விஷயம் அது.

ஊசியை அவரே போட்டார். மீதி வேலை எங்கள் தலையில். கெட்ட பாலை அவ்வப்போது முழுக்கக் கறந்து கீழே விடவேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, டியூப் மருந்தைத் துவாரத்தின் வழியே ஏற்றவேண்டும். அதோடு ஒரு பூச்சு மருந்து. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவவேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காகத் தஞ்சாவூரில் மூலிகை மருத்துவத்தை வளர்த்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது. ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள்!

"மருந்து சுலபம். மாட்ட நிக்க வைக்கிறதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முதலில் போனார். முழங்காலில் உதை வாங்கி, நொண்டிக்கொண்டே திரும்பினார். மறுநாள் அவர் நடவு வேலைக்குப் போகமுடியவில்லை. மருந்து போடும் நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது, யாரும் குடிக்கவும் கூடாது. ஆக, கூலியும் இல்லை, பால் பணமும் இல்லை. எனக்குப் பஸ் காசும் பரீட்சைக் கட்டணமும் அந்த மடியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்கமுடியாது.

சாயந்திரம் தரகர் ஒருவர் வாசலில் வந்து உட்கார்ந்தார். "மடி போன மாடு. அடிமாட்டு விலைக்காவது தள்ளிடுங்க, நாளைக்கு அதுவும் கிடைக்காது" என்றார். அப்பா பதில் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. "நான் பாத்துக்கிறேன்ப்பா" என்றேன். வீட்டில் படிக்கிறவன் நான் ஒருவன்தானே! எல்லோரும் என்னை நம்பினார்கள். நண்பர்களே, என் வாழ்க்கையில் நான் போட்ட மிக மோசமான டிசைன் அதுதான்.

மாட்டைக் கயிற்றாலேயே படுக்க வைக்கும் முறை ஒன்று உண்டு. கழுத்தில் ஒரு வளையம், முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, மடிக்கு முன்னால் ஒரு சுற்று போட்டு, கயிற்றைப் பின்பக்கமாக இழுத்தால் மாடு தானே மடங்கிப் படுக்கும். இதை யாரோ செய்து நான் பார்த்திருந்தேன். அதோடு என் படிப்பையும் சேர்த்தேன். கயிற்றை ஒரு தூணில் சுற்றினால், உராய்வினால் சின்ன விசை பெரிய விசையைத் தாங்கும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், இரண்டு முழுச் சுற்றுக்கு 43 மடங்கு! 10 கிலோ இழுப்பால் 430 கிலோ இழுப்பைப் பிடித்து நிறுத்தலாம். தென்னை மரத்தில் இரண்டு சுற்று சுற்றினேன். சித்தப்பா உட்பட நான்கு பேர் இழுத்தோம்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. செவலை விழுந்தாள். வீங்கிய மடியின் மேலேயே விழுந்தாள்.

நான் கழுத்தில் போட்டிருந்தது சுருக்கு முடிச்சு. அவள் திமிறத் திமிற அது இறுகியது. நாக்கு வெளியே வந்தது, கண் மேலே போனது. "கயித்த விடுறா!" என்று அப்பா கத்தினார். நான் விட்டேன். ஆனால் கயிறு விடவில்லை! மரத்தில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறிக் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தால் பிறாண்டினேன், அசையவில்லை. அப்பா நொண்டிக்கொண்டே ஓடி வந்து அரிவாளால் கயிற்றை வெட்டினார்.

செவலை எழுந்து நின்று நடுங்கினாள். நானும்தான். பிடிப்பதற்கு 43 மடங்கு கணக்குப் போட்டவன், விடுவதற்கு ஒரு கணக்கும் போடவில்லை.

அன்று இரவு அப்பாயி என்னைத் திட்டவில்லை. "மருந்து ஒரு நாளைக்கா போடணும், அஞ்சு நாளைக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். "அஞ்சு நாளைக்கு அப்பாயி." "ஒரு நா வேணா நாலு பேரு சேந்து அமுக்கலாம்டா தம்பி. மறுநா அது ஒன்ன கொட்டகைக்குள்ள விடுமா?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் என் டிசைன் முழுதும் அடிபட்டுப் போனது.

மறுநாள் மருத்துவர் வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பசு ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நேர் பின்னால் அதற்குத் தெரியாது என்றார். அங்கிருந்து யார் வந்தாலும் அதற்கு எதிரிதான். அசைபோடும் பிராணியை அதிக நேரம் படுக்க வைத்தால் வயிற்றில் வாயு கட்டிக்கொள்ளும், தீனி மேலேறி நுரையீரலுக்குப் போகவும் கூடும். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணியைப் பற்றியும் சொன்னார். 1947இல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். உறவினர் பண்ணையில், மாட்டை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டுக்குள் போனதும் சில மாடுகள் அமைதியாவதைப் பார்த்தார். தன் பதற்றம் தணிய அதே மாதிரி ஓர் இயந்திரத்தைத் தனக்கே செய்துகொண்டார். அப்போது அவருக்கு 18 வயது, நம் வயதுதான்! பின்னால் மாட்டுப் பண்ணைகளையே மாற்றி அமைத்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், வேலியில் ஆடும் துணி, இவைதான் மாட்டை மிரட்டுகின்றன என்று கண்டு சொன்னவர் அவர்.

நான் கொட்டகைக்குள் போய்ச் செவலையின் தலை உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். கூரையில் கட்டிய நீலத் தார்ப்பாயின் கிழிசல் ஒன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அதை அறுத்து எறிந்தேன்.

பிறகு அப்பாவும் நானும் நான்கு சவுக்குக் கம்பு நட்டோம். மருந்தகத்தில் இரும்புக் குழாயில் இருக்கும் கூண்டுதான், எங்கள் வசதிக்குச் சவுக்கில். செவலையின் அகலத்தை அளந்து இரு பக்கமும் ஒரு சாண் விட்டேன். குறுக்குக் கம்புகளை ஆணி அடிக்கவில்லை. எல்லா முடிச்சும் வால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும் முடிச்சு. கட்டும் முன்பே ஒவ்வொன்றையும் மூன்று முறை அவிழ்த்துப் பார்த்தேன்.

முதல் நாள் மருந்தே தொடவில்லை. உள்ளே தவிடும் புண்ணாக்கும் வைத்து, கன்றை முன்னால் கட்டினோம். அவளே உள்ளே போனாள். அப்பாயி பக்கவாட்டில் வந்து பேச்சுக் கொடுத்தபடி, முதுகில் கை வைத்து, கையை எடுக்காமலே இடுப்பு, தொடை, மடி என்று இறக்கினார்கள். தள்ளி நின்றால்தான் உதை பலமாக விழும், தொடையை ஒட்டி நின்றால் காலுக்கு வேகம் எடுக்க இடமில்லை. டியூப் ஏற்றும்போது மட்டும் பின்னங்கால்களுக்கு அணைகயிறு போட்டு, வாலை அடியிலிருந்து மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தேன். வாலைத் தூக்கினால் உதை குறையும். முரட்டுத்தனமாகத் தூக்கினால் வால் எலும்பு முறியும்.

அன்று முழுக்க நாலு உதை. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் கற்றாழை வாசனை வந்ததும் அவளே நகர்ந்து கொடுத்தாள். ஐந்தாம் நாள் அணைகயிறு ஆணியிலேயே தொங்கியது.

வீக்கம் வடிந்தது. மருத்துவர் சொன்ன கெடு முடிந்து பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினோம். தரகர் மறுபடி வந்தார், அப்பாயி மோர் கொடுத்து அனுப்பினார்கள். முழு வெற்றி என்று பொய் சொல்லமாட்டேன். அந்த ஒரு காம்பில் இன்றும் பால் குறைவுதான். அது நோயினாலா, அன்று நான் விழ வைத்ததினாலா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே! நாளைக்கு நாம் எத்தனையோ இயந்திரங்களைக் கையாளப் போகிறோம். எதைப் பிடித்து நிறுத்துவதற்கு முன்னாலும், அவசரத்தில் எப்படி விடுவது என்று முதலில் பாருங்கள். உயிருள்ளதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: நாளைக்கும் நாம் அதன் பக்கத்தில் போகவேண்டும்.

தென்னை மரத்தில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. செவலை அந்த மரத்தடியில் மட்டும் இதுவரை படுப்பதில்லை.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு