பாரம் ஏறும்போது

வாரம் இருமுறை அம்மாவை டயாலிஸிஸுக்காகக் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்துப்போகிறோம், சகோதரர்கள் இருவரும். சென்ற சித்திரையில் காரின் ஏசி காலையில் குளிர்ந்தது. நண்பகலில் திரும்பும்போது, கயத்தாறு வருவதற்குள் வெந்த காற்றை ஊதியது. தண்ணீரையே அளந்து குடிக்கிறவளுக்கு அந்த வெயில் சாதாரணமல்ல. “எனக்கு ஒண்ணும் வெக்கையா இல்லப்பா” என்பாள். நாங்களும் நம்பினோம்.

கேஸ் அழுத்தம் சரியாக இருந்தது. கம்ப்ரசரையே மாற்றவேண்டும் என்றார்கள் பணிமனையில். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. ஆகவே ஒரு மல்டிமீட்டருடன் நாங்களே பானட்டைத் திறந்தோம்.

என்ஜினோடு சுழலும் கப்பியை கம்ப்ரசருடன் பிணைப்பது கிளட்ச் என்னும் மின்காந்தம். 1939-இல் பேக்கார்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் கார் ஏசியில் அது கிடையாது; நிறுத்தவேண்டுமானால் இறங்கி பெல்ட்டைக் கழற்றவேண்டும். எங்கள் காரில் கிளட்ச் இருந்தும் சூடேறியபின் ஒட்ட மறுத்தது.

ஃபியூஸ் நன்றாயிருந்தது. ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. கிளட்ச்சின் இணைப்பைக் கழற்றி அளந்தால் முழு மின்னழுத்தம் வந்தது. காயிலின் தடையும் 4 ஓம் அளவில் சரியாகவே இருந்தது. எல்லாம் சரி, ஆனால் இயங்கவில்லை. இரண்டு ஞாயிறுகள் இப்படியே போயின.

தவறு அளக்கும் முறையில் இருந்தது. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே கேட்பதில்லை. எதுவும் கேட்காதவரிடம் துருப்பிடித்த ஒயரும் முழு வோல்ட்டைக் காட்டும். இணைப்பை மீண்டும் மாட்டி, ஓடும் பெல்ட்டுக்குக் கையை விலக்கிவைத்து அளந்தோம். பேட்டரியில் 14 வோல்ட், கிளட்ச்சில் 9. மீதி 5 எங்கே? மீட்டரின் ஒரு முனையை கிளட்ச்சின் எர்த் ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது அந்த 5 அங்கே நின்றது. எர்த் ஒயரைப் பாடியுடன் பிணைக்கும் போல்ட்டைக் கழற்றினோம். அடியில் பச்சையும் பழுப்புமாய்ப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, வாசலின் தடவினோம். செலவு உப்புத்தாளுக்கு மட்டும்.

மறுவாரம் கயத்தாறு தாண்டியும் காற்று குளிர்ந்தே வந்தது. அம்மா முதன்முறையாக அந்தப் பாதையில் உறங்கினாள். இத்தனை நாள் அவள் உறங்காமல் வந்ததை அப்போதுதான் கவனித்தோம். வெக்கையா என்று அவளை நாங்கள் கேட்டதெல்லாம் வீட்டுத் திண்ணையில், மின்விசிறிக்குக் கீழே.