மாமாவின் காரும் பதினைந்து ஆம்ப்ஸ் பிளக்கும்

சேக்காட்டில் என் மாமா போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டியாகோ எலெக்ட்ரிக் கார் வாங்கினார். ஆசைக்கு இல்லை. பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அம்பத்தூர் பக்கம் போய் வர ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அந்தக் கார் நடுவழியில் நிற்கக் கூடாது, பேட்டரி சீக்கிரம் சாகவும் கூடாது. காரிலேயே விலை அதிகமான பாகம் அதுதான்.

வண்டி வந்த அன்றே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "சுத்தமா காலியாகட்டும், அப்புறம் சார்ஜ் போடு" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. "எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க" என்றாள் அத்தை. இன்வெர்ட்டர் கடைக்காரரோ, "எப்பவும் ஃபுல்லா வெச்சிருங்க சார்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று பேர் சொன்னதும் ஏதோ ஒரு பேட்டரிக்குச் சரிதான்! தாத்தா சொன்னது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. கடைக்காரர் சொன்னது லெட் ஆசிட்டுக்கு. 2001-ல் பெங்களூரில் வந்த ரேவா கார் அந்த ஜாதிதான். ஆறு வோல்ட் பேட்டரி எட்டு, டிஸ்டில்டு வாட்டர் வேறு ஊற்ற வேண்டும். அத்தை சொன்னது நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரிக்கு. 2019-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிள் செய்து விற்ற கோனாவில் இருந்தது அந்த வகை.

மாமா காரில் இருப்பது இவை எதுவும் இல்லை, லித்தியம் இரும்பு பாஸ்பேட். (1997-ல் குட்இனஃப் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் கூட எழுதியவர்கள் இரண்டு பேரும் இந்தியப் பெயர்க்காரர்கள். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.) இதில் ஒரு சிக்கல் உண்டு. முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மிச்சம் எவ்வளவு என்று காருக்கே சரியாகத் தெரியாது, ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு ஓடும். அவ்வப்போது நூறு வரை மெதுவாக ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும். எப்போதும் எண்பதோடு நிறுத்தினால் மீட்டரில் இருபது காட்டிவிட்டு திருமுல்லைவாயிலில் திடீரென்று ஐந்துக்கு இறங்கலாம், பின் சீட்டில் பாட்டி இருக்கும்போது. இப்போது ஞாயிறு இரவு ஃபுல் சார்ஜ், மற்ற நாளில் தேவைக்கு.

ஆனால் எல்லோரும் சதவீதத்தைப் பற்றிச் சண்டை போட்டார்களே தவிர, பிளக்கை யாரும் பார்க்கவில்லை. பேட்டரி 24 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்). பதினைந்து ஆம்ப்ஸ் பாயிண்டில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏறும். அதாவது காலியிலிருந்து நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல். அந்தப் பாயிண்ட் கீசருக்குப் போட்டது. கீசர் கால் மணி நேரம் இழுக்கும், முடிந்தது கதை. இது ராத்திரி முழுக்க இழுக்கும். ஒரு வாரத்தில் பிளக் டாப் பழுப்பேறி, கருகின வாசனை வந்தது. எலெக்ட்ரீஷியன் மீட்டர் போர்டிலிருந்து தனியாக நாலு ஸ்கொயர் ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி. போட்டுக் கொடுத்தார். எர்த்தும் சரியில்லை. வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்தது. எர்த் இல்லையென்றால் சார்ஜரே ஏற்ற மறுத்துவிடும். கரியும் உப்பும் போட்டு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அத்தை துளசிச் செடியோடு சேர்த்து அதற்கும் ஊற்றுகிறாள்.

அடுத்தது வெயில். 2012-ல் அமெரிக்காவில் அரிசோனாக்காரர்கள் நிஸான் லீஃப் காரின் பேட்டரி ஒன்றிரண்டு வருடத்திலேயே கொள்ளளவு குறைகிறது என்று கொதித்தார்கள். அந்தப் பேட்டரியைக் குளிர வைக்க அதில் தனி ஏற்பாடு கிடையாது, ஊரோ பாலைவனம். இப்போதைய கார்கள் பலவற்றில் கூலிங் உண்டு. இருந்தாலும் சூடும் ஃபுல் சார்ஜும் சேர்ந்தால் எந்த லித்தியமும் சீக்கிரம் கிழடு தட்டும். நம்ம ஊர் மே மாதத்துக்கு இது போதாதா? மாமா மதியம் ஒரு மணிக்கு வந்ததும் வராததுமாக ஒயரைச் சொருகுவார். இப்போது வேப்ப மர நிழலில் விட்டு, ராத்திரி பத்துக்கு மேல்தான் சார்ஜ். விடியும்போது ஏறி முடித்திருக்கும், அப்படியே கிளம்பிவிடலாம். காக்கா எச்சம் துடைப்பது என் வேலை. மழையில் போர்ட்டிகோவில் தண்ணீர் நின்றால் அன்றைக்குச் சார்ஜே கிடையாது.

நடுவில் பாட்டி ஒரு மாதம் சித்தி வீட்டில் இருந்து அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டாள். கார் சும்மா நின்றது. ரொம்ப நாள் நிறுத்துவதானால் பாதி சார்ஜ் போதும் என்று படித்து, ஐம்பதில் விட்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டார்ட் ஆகவில்லை! பெரிய பேட்டரி அப்படியே இருந்தது. செத்திருந்தது பானெட்டுக்குள் இருக்கும் சின்ன பன்னிரண்டு வோல்ட், சாதாரண லெட் ஆசிட். அதுதான் முதலில் காரை எழுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய மாருதியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினோம். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் தாத்தா. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.