செம்பந்தும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016ஆம் ஆண்டில் தொடங்கியபோது எட்டு அணிகள் எட்டு ஊர்களின் பெயரைச் சூடிக்கொண்டன. தருமபுரி அவற்றுள் இல்லை. இதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. நம் பற்று அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டு ரஞ்சி அணியின்பால் சென்றுவிட்டது. நான்கு நாள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேலி பேசும் நண்பர்கள் உண்டு. நாம் பார்க்கிறோம். பார்க்க இயலாதபோது, மறுநாட் காலை நாளிதழில் பொடி எழுத்தில் வரும் ஓட்டக் கணக்கைத் தேநீர் ஆறிப் போகும்வரை படிக்கிறோம்.

எளிதான பற்றன்று இது. சென்னை என்ற பெயரில் 1954-55இல் ஒருமுறை, வாசுதேவன் தலைமையில் 1987-88இல் மறுமுறை. ரஞ்சிக் கோப்பை நம்மிடம் வந்தது இவ்விரு முறையே. அதன் பிறகு ஆறு முறை இறுதியாட்டம்வரை சென்று வெறுங்கையுடன் திரும்பினோம். அவற்றுள் மூன்று, நம் சொந்தச் சேப்பாக்கத்திலேயே நேர்ந்த தோல்விகள்.

ஆட்டத்தின் நீளம் குறைந்தால் மட்டும் நாம் வேறு அணியாகி விடுகிறோம். இருபது ஓவர்ப் போட்டிக்கான சையத் முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறோம். 2021இல் கர்நாடகத்துக்கு எதிரான இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தை ஷாருக்கான் ஆறு ஓட்டத்துக்கு அனுப்பியதை யாரால் மறக்க இயலும்? அடுத்த ஆண்டு ஐம்பது ஓவர்ப் போட்டியில் அருணாசலப் பிரதேசத்தின் மீது ஜெகதீசன் ஒருவரே 277 ஓட்டங்கள் குவித்தார். அணியின் எண்ணிக்கை 506. எதிரணி எளியது என்பது மெய்தான். ஆயினும் அதற்கு முந்திய நான்கு ஆட்டங்களிலும் அவர் சதம் அடித்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் செம்பந்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்? சுழற்பந்தில் நமக்குக் குறை இருந்ததே இல்லை. வி.வி. குமார், வெங்கட்ராகவன் தொடங்கி அஸ்வின், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர்வரை அந்த ஊற்று வற்றவில்லை. வற்றிக் கிடப்பது வேகப்பந்து. 1987இல் சென்னையிலேயே டென்னிஸ் லில்லியைக் கொண்டு வேகப்பந்துப் பயிற்சிக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. ஜாகீர் கானைப் போன்றோர் அங்கே பயின்று பிற மாநிலங்களுக்கு ஆடினர். நாமோ கேரளத்திலிருந்து சந்தீப் வாரியரை அழைத்துவந்தோம். அவர் நல்ல பந்துவீச்சாளர். குறை அவரிடத்தில் இல்லை.

2014-15 இறுதியாட்டத்தை நினைத்தால் இன்றும் நமக்கு வாய் கசக்கிறது. மும்பையில் முதல் இன்னிங்ஸில் 134 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். கர்நாடகம் 762 குவித்தது. கருண் நாயர் மட்டும் 328. அந்தப் பெரிய எண்ணில் மயங்கி, நம்மை முதலில் சாய்த்தவரை மறந்துவிடுகிறோம். ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தி, பின்னர் மட்டையெடுத்துச் சதமும் அடித்த வினய் குமார் தாவணகெரேக்காரர். பெங்களூரு நகரத்துப் பிள்ளையல்லர், மாவட்டத் தலைநகர் ஒன்றின் பிள்ளை. தருமபுரியும் அத்தகைய ஊரே.

2024 மார்ச்சில் மும்பைக்கு எதிரான அரையிறுதியிலும் இதே கதைதான். நாம் 146, பதிலுக்கு அவர்கள் 7 விக்கெட் இழப்புக்கு 106. அணித்தலைவர் சாய் கிஷோர் தாமே ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். ஆனால் எஞ்சிய மூவரைப் பெயர்த்தெறிய மறுமுனையில் ஒரு வேகம் இல்லை. ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார். எண்ணிக்கை 378 ஆனது. மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது. நாணயச் சுழற்சியில் வென்று முதலில் மட்டையெடுத்ததே பிழை என்று பயிற்சியாளர் வெளிப்படையாகப் பேசியதை நாம் இரசிக்கவில்லை. அப்பருவத்தில் 53 விக்கெட்டுகளை வீழ்த்தி நாட்டிலேயே முதலிடம் பெற்ற தலைவர் அவர். ஓய்வறையில் சொல்லியிருக்கலாம்.

நடராசனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து இரசிகர் எவரும் பேச்சை முடிப்பதில்லை. தொப்பூர்க் கணவாய்க்கு அப்பால் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி அவர் ஊர். 1965வரை நாமும் சேலம் மாவட்டத்தவரே ஆதலால் அவர்மேல் நமக்கும் பாத்தியதை உண்டு. இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர், சென்னைக்குச் சென்று நான்காம் பிரிவு லீக் ஆட்டத்தில் தொடங்கி, 2020-21இல் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அந்தப் பிரிஸ்பேன் டெஸ்டுக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் அவருக்கு வாய்க்கவில்லை. முழங்காலும் தோளும் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமன்று.

அவருடைய யார்க்கர் எங்கிருந்து வந்தது என்பது வறண்ட ஏரிக்குள் ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு விளங்கும். டென்னிஸ் பந்து இலேசானது, நெடுநேரம் வளையாது, தையல் இல்லாததால் தரையில் பட்டுத் திசை மாறாது. நடுவில் குத்தினால் எகிறி மட்டைக்கு வாகாக வரும். ஆகவே காலடியில் போடுவது ஒன்றே பிழைக்கும் வழி. பன்னிரண்டு வயதிலேயே நம் பிள்ளைகளுக்கு இது கைவந்துவிடுகிறது. ஆனால் செம்பந்து கேட்பது வேறு. ஒரே இடத்தில் நாள் முழுதும் குத்தி, மட்டையாளரின் பொறுமையைத் தேய்க்க வேண்டும். அதற்குத் தோற்பந்தும் ஒழுங்கான ஆடுதளமும் பதினான்கு வயதில் கிடைக்க வேண்டும்; இருபதில் கிடைத்தால் உடல் ஒத்துழைப்பதில்லை.

நம் தெருவில் இடக்கை வேகப்பந்து வீசும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பத்தொன்பது வயதில் சென்னைக்குச் சென்று, திருவல்லிக்கேணி மேன்சன் அறையொன்றில் நால்வரோடு தங்கி, கீழ்ப்பிரிவு லீக்கில் ஒரு பருவம் ஆடினார். இன்று ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஞாயிறுதோறும் ஏரிக்குள் டென்னிஸ் பந்து. ஏன் திரும்பிவிட்டாய் என்று கேட்டோம். "நாலு ஓவர் வரைக்கும் என்ன போடணும்னு எனக்குத் தெரியும், பாய். அங்க பதினஞ்சு ஓவர் போடச் சொன்னாங்க" என்றார். ரஞ்சி அணியின் முப்பத்தைந்து ஆண்டுத் தோல்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த விமர்சகரிடமும் நாம் கேட்டதில்லை.

அணியின் எதிர்காலம் இருண்டுவிடவில்லை. 2024 அக்டோபரில் டில்லிக்கு எதிராகச் சாய் சுதர்சன் 213, வாஷிங்டன் 152 அடித்த ஆட்டம் நம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அவ்விருவரையும் இந்திய அணி எடுத்துக்கொண்டுவிட்டது. ரஞ்சிக்கு அவர்கள் அரிதாகக் கிடைக்கும் விருந்தினர். அதே 2024-25 பருவத்தில் பதினெட்டு வயது ஆந்த்ரே சித்தார்த் 600 ஓட்டங்களுக்கு மேல் சேர்த்தார். ஐந்தாம் இடத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு தோல்விகளுக்காகப் பதறி மாற்றாமல் இருந்தால் போதும். குர்ஜப்நீத் சிங் கோயம்புத்தூரில் சௌராட்டிரத்தின் மீது 22 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தபோது, நெடிய உருவமும் இடக்கை வேகமுமாக நாம் நெடுநாள் தேடியவர் வந்துவிட்டார் என்றே எண்ணினோம். அவருக்கு மறுமுனையில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கக்கூடும். அவர் கையில் இருப்பது டென்னிஸ் பந்து.