மகளின் முதல் பிறந்தநாள்

1979-ல் மகளுக்கு ஒரு வயது நிறைந்தது. எட்டாம் மாதம் தவழ்ந்தவள், பத்தாம் மாதம் 'தாத்தா' சொன்னவள், நடக்க மட்டும் காணோம். அம்மா வாங்கித் தந்த நடைவண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள். "பதினெட்டு மாதம்வரை பொறுக்கலாம்" என்றார் டாக்டர்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனல்லவா, கேக் வாங்கினேன். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க அம்மா விடவில்லை. தானாக எரிந்து முடிந்தது. பாயசம் குடித்தவர்களெல்லாம் "இன்னும் நடக்கலையா?" என்றார்கள். மனைவி அடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு மாலை. ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிறேன், திண்ணையோரமாக மூன்று எட்டு வைத்து என்னிடம் வந்தாள். அதுதான் முதல் நடை என்று வெகுகாலம் பெருமையடித்திருக்கிறேன். "காலையிலேயே நடந்துட்டா. நீங்க வந்து பார்க்கட்டும்னு யார்கிட்டயும் சொல்லலை" என்று மனைவி சொன்னது, மகள் கல்யாணத்துக்குப் பிறகு.