நீலாம்பூர் வரைக்கும் ஒரு டிக்கெட்

கோவை உக்கடத்திலிருந்து கிழக்கே நீலாம்பூர் வரை சுமார் 20 கிலோமீட்டர். மெட்ரோ ரயிலுக்காகத் தயாரித்த திட்ட அறிக்கையில் முதல் வழித்தடம் இதுதான். 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதே வழியில் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். போக்குவரத்துக்குச் செலவழிக்க இந்த ஊருக்குப் பணம் இல்லாமல் இல்லை. அது பஸ்ஸுக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

உக்கடத்தில் 2024 ஆகஸ்டில் ஆத்துப்பாலம் வரையிலான மேம்பாலம் திறந்தார்கள். பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் போகும் கார்கள் இப்போது சிரமமில்லாமல் மேலேறிப் போய்விடுகின்றன. பஸ்ஸுக்கு வந்தவர்கள் கீழேதான் நிற்கிறார்கள். டவுன்ஹால், ரயில் நிலையம் தாண்டி உப்பிலிபாளையம் சிக்னலுக்கு வண்டி வந்து சேர்வதற்குள்ளேயே உட்கார இடம் இருக்காது.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை, அவிநாசி ரோட்டின் மேல் அடுத்த மேம்பாலம். 10.1 கிலோமீட்டர், தமிழ்நாட்டிலேயே நீளமானது. 1,791 கோடி ரூபாய் செலவில் கட்டி முடித்து 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். பெயர் பொருத்தமானது. அவருடைய அருங்காட்சியகமே இந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் அவர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று அதை வளர்த்து, குறித்த நேரத்துக்கு வண்டி வரும் என்ற நம்பிக்கையைக் கொங்கு நாட்டில் உண்டாக்கியவர். அவர் பெயர் தாங்கிய பாலத்தின் மேலே பஸ் நிறுத்தம் கிடையாது. ஆளை ஏற்றி இறக்க வேண்டிய டவுன் பஸ் கீழேயே, தூண்களை ஒட்டித்தான் போயாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பாலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆன செலவு ஏறக்குறைய 177 கோடி. தாழ்தள மின்சார பஸ் ஒன்று ஒன்றரைக் கோடி வாக்கில் கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் பாலத்தின் விலையில் நூறு பஸ்ஸுக்கு மேல் வாங்கிவிடலாம். பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிக்னல் சிக்னலாக நின்று விமான நிலையத்துக்கு ஓடியவர்களின் அவதியை நானும் பார்த்திருக்கிறேன். என் ஆதங்கம் வேறு. பாலம் பத்துப் பைசா திருப்பித் தருவதில்லை. அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. தினமும் டிக்கெட் கிழித்துக் கல்லாவை நிரப்பும் போக்குவரத்துக் கழகத்தின் மேல் மட்டும் நஷ்டம் என்ற முத்திரை ஆண்டுதோறும் விழுகிறது. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், ஒப்புதல் கிடைக்கும். டிரைவர், கண்டக்டர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் டயருக்கும் நாள்தோறும் வேண்டிய பணத்துக்குத்தான் திண்டாட்டம். பஸ்ஸை வாங்கிவிடலாம், ஓட்டுவதுதான் கஷ்டம்.

லட்சுமி மில்ஸ் நிறுத்தத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். காலை எட்டரை மணி. கோவையில் தனியார் டவுன் பஸ்கள் அதிகம். பாட்டும் ஹாரனுமாக ஒன்று வந்து நிற்கும். நிற்கிற பெண்களில் பாதிப் பேர் ஏற மாட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. “கவர்மென்ட்டு வண்டி பின்னால வருதுங்க” என்று பையை இடுப்பில் இடுக்கியபடி காத்திருப்பார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு மாதக் கடைசியில் அது கையில் நிற்கிற காசு. அண்மைக் காலத்தில் பொதுப் போக்குவரத்துக்காக அரசு செலவிட்டதிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். குறை ஒன்றுதான்: பின்னால் வருகிற வண்டி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. இலவசம் கொடுத்தாகிவிட்டது, வண்டிகளையும் அதே வேகத்தில் கூட்டியிருக்க வேண்டும்.

டிக்கெட் விலையை ஏற்றிச் சமாளிக்கலாமே என்பவர்கள் உண்டு. அரசு பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் 70 ரூபாயைத் தொடவில்லை, இப்போது 90-க்கு மேல். என்றாலும் கட்டணத்தை ஏற்றினால் இந்த நிறுத்தத்தில் நிற்கிற ஆண்கள் அடுத்த மாதமே தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்துவிடுவார்கள். சாலையில் நெரிசல் கூடும், பஸ் இன்னும் தாமதமாகும். பணம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த இடம் பீளமேட்டில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி இருக்கும் இந்தப் பகுதியில் காலை நேரத்தில் நின்றால், கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி வண்டி, தனி டிரைவர். அடுத்து டைடல் பார்க் பக்கம் போகும் ஐ.டி. கம்பெனி வேன்கள், மருத்துவமனை ஊழியர் வேன்கள். வெவ்வேறு பெயர் எழுதிய இரண்டு வண்டிகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து ஆளேற்றிக்கொண்டு, ஒரே சாலையில் வந்து நெரிகின்றன. ஆக, இந்த ஊர் ஏற்கெனவே போக்குவரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆளாளுக்குத் தனித்தனியாக.

பிரான்சில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1971-இல் பாரிஸ் பகுதியில் தொடங்கி, 1973 முதல் மற்ற நகரங்களுக்கும் வந்த ஏற்பாடு அது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனம், தன் சம்பளச் செலவில் ஒரு சிறு சதவீதத்தை அந்த ஊரின் போக்குவரத்துக்கென்றே கட்ட வேண்டும். அதை வைத்துப் பஸ் ஓட்டினார்கள். நாந்த் 1985-இலும் கிரெனோபிள் 1987-இலும் டிராம் விட்டன. இரண்டுமே கோவையைவிடச் சிறிய ஊர்கள். வேலைக்கு ஆள் நேரத்துக்கு வந்து சேர்வதில் முதல் லாபம் முதலாளிக்குத்தான் என்பது அதன் அடிப்படை. மில்லும் கல்லூரியும் மருத்துவமனையும் ஐ.டி.யும் ஒரே சாலையில் வரிசையாக நிற்கும் அவிநாசி ரோட்டுக்கு இதைவிடப் பொருந்தும் யோசனை எனக்குத் தெரியவில்லை. கூடவே, பாலம் வந்ததும் ஓரத்து நிலங்களின் மதிப்பு ஏறுகிறது. அடுக்குமாடிகளுக்கு அனுமதி தரும்போது அரசு வசூலிக்கும் உட்கட்டமைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை இந்த ஊர் பஸ்ஸுக்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் டிபன் பை. கார்கள் வேகம் குறைக்காமல் வரும். ஒரு தூண்வரை ஓடி, அதன் நிழலில் நின்று, மறுபாதிக்கு இன்னொரு ஓட்டம். பஸ் டிக்கெட் எடுக்கும் ஒவ்வொருவரும் போகவோ வரவோ ஒருமுறை இப்படிச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். மெட்ரோ இல்லாவிட்டால் பஸ்ஸுக்குத் தனித் தடம் போடலாம் என்பவர்கள், அதற்கு ஏற்ற நடுப்பகுதியில் இப்போது தூண்கள் நிற்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சித்ரா நிறுத்தம், விமான நிலையம் தாண்டி கோல்டுவின்ஸில் பாலம் இறங்குகிறது. சின்னியம்பாளையம் வந்ததும் வண்டி காலியாகிவிடும். புறவழிச்சாலை பிரியும் நீலாம்பூரில் பயணம் முடிகிறது.

மெட்ரோவைத் திருப்பி அனுப்ப டெல்லி சொன்ன காரணங்களில் முக்கியமானது மக்கள்தொகை. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 16 லட்சம்தான். ஆனால் அதே கணக்கெடுப்பு, சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்து 21 லட்சத்துக்கு மேல் காட்டுகிறது. கோவை மாநகராட்சி அளவுக்கே ஆள் இருந்த ஆக்ராவுக்கு 2019-இல் ஒப்புதல் கொடுத்தார்கள். கோவைக்காரர்களின் கோபம் நியாயமானது. 2027 கணக்கெடுப்பு முடிந்ததும் கோப்பு மீண்டும் டெல்லிக்குப் போக வேண்டும், போகும்.

ஆனால் இரண்டு வழித்தடங்களும் சேர்ந்து 34.8 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். நாளைக்கே ஒப்புதல் கிடைத்தாலும் ரயில் ஓடப் பல ஆண்டுகள் ஆகும். ஓடும்போதும் நீலாம்பூர் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக பஸ்தான் வேண்டும். ஆகவே அடுத்த மாநில பட்ஜெட்டில் கோவை கேட்க வேண்டியது, வண்டி வாங்க மட்டுமல்லாமல் ஓட்டவும் செலவழிக்கக்கூடிய ஒரு நகரப் போக்குவரத்து நிதி. அதில் அரசின் பங்கு ஒன்று, இந்தச் சாலையால் வாழும் நிறுவனங்களின் பங்கு ஒன்று. முதல் செலவாக உக்கடம்–நீலாம்பூர் தடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை பத்து நிமிடத்துக்கு ஒரு அரசு பஸ் விடட்டும்.