வீட்டை ஓட்டிக்கிட்டு கொல்லிமலை போறீங்களா?

யூடியூப்ல மோட்டார்ஹோம் வீடியோ பார்க்காத ஆள் நம்ம ஹாஸ்டல்ல இருக்க முடியாது. கட்டில், அடுப்பு, சிங்க், மேல சோலார் பேனல்னு ஒரு வேனுக்குள்ள குட்டி வீடே இருக்கும். உள்ள என்னென்ன இருக்குன்னு எல்லாரும் சுத்திக் காட்டுவாங்க. அதை எப்படி ஓட்டணும்னுதான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

எங்க பெரியப்பா பையனும் அவன் நண்பர்கள் மூணு பேரும் சேர்ந்து ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோட வீடா மாத்திட்டாங்க. முதல் பயணமே கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு! நாலு பேரும் இதுவரைக்கும் ஓட்டினது சின்ன கார் மட்டும்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நானும், பல வருஷமா வேன் ஓட்டுற எங்க மாமாவும் உட்கார்ந்து அண்ணனுக்காக ஒரு லிஸ்ட் போட்டோம். நாளைக்கு உங்களுக்கும் உதவும், படிங்க.

முதல் விஷயம், லைசென்ஸ். மொத்த எடை 7500 கிலோவைத் தாண்டாத வண்டின்னா எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். சட்டம் விட்டுடும், ஆனா உங்க கை அதுக்குப் பழகியிருக்காது. காலி மைதானத்துல ரெண்டு பழைய டயரை நிறுத்தி வெச்சு, திருப்பவும் ரிவர்ஸ் எடுக்கவும் பழகுங்க. ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தோட தடத்துல வராது, உள்பக்கமா வெட்டி வரும். பின்சக்கரத்துக்குப் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற உடம்போ எதிர்ப்பக்கம் வீசும். பங்க்ல இடதுபுறம் ஒடிச்சுக் கிளம்பினா, வால் வலதுபக்கம் நிக்கிற பைக்கைத் தட்டிடும்.

அடுத்தது உயரம். டேப் வெச்சு அளந்து, ஸ்டியரிங் பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. ரயில்வே சப்வே, ஹோட்டல் போர்ட்டிகோ, சாஞ்ச மரக்கிளை எதுவா இருந்தாலும், "போயிடும்னு நினைக்கிறேன்"னு சொல்லாதீங்க. இறங்கிப் பாருங்க.

எடை எங்க இருக்குங்கிறதும் முக்கியம். கனமான பொருள் எல்லாம் கீழே, ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல இருக்கணும். மேல கேரியர்ல மூட்டை கட்டினா புவியீர்ப்பு மையம் ஏறிடும், வளைவுல வண்டி சாயும். 100 லிட்டர் தண்ணித் தொட்டின்னா 100 கிலோ. அது பாதி நிரம்பியிருந்தா, ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி ஒருபக்கமா ஓடி வண்டியைத் தள்ளும். மலைக்கு முன்னாடி தொட்டி ஒண்ணு முழுசா நிரம்பியிருக்கட்டும், இல்ல காலியா இருக்கட்டும்.

இப்ப அண்ணனுக்கு நான் போட்டுக் காட்டின கணக்கு. 3500 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரத்துல இருந்து இறங்குதுன்னு வைங்க. mgh பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே? சுமார் 34 மெகாஜூல் வரும். அந்தச் சூடு 100 லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காலைப் பிரேக்லயே வெச்சு இறங்கினா அதுல பெரும்பகுதி நாலு சக்கரத்துலயும்தான் இறங்கும். லைனிங் பிடிமானத்தை இழக்கும். பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது.

மாமாவுக்கு mgh தெரியாது. அவர் சொன்னது ஒரே வரி: "ஏறின கியர்லயே இறங்கு பாப்பா. பிரேக்கைக் கடைசிக்கு வெச்சுக்கோ." இதைத்தான் நாங்க எஞ்சின் பிரேக்கிங்னு எழுதி மார்க் வாங்கறோம். வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல மட்டும் விட்டுடாதீங்க. கருகின வாடை வந்தா அகலமான இடமாப் பார்த்து ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வெச்சு ஆறவிடுங்க. சூடான டிரம் மேல தண்ணி ஊத்தினா வெடிப்பு விழலாம். குறுகலான மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, அதனால இறங்குற நீங்க ஒதுங்கி நில்லுங்க.

வண்டி ஓடும்போது கட்டில்ல யாரும் படுக்கக் கூடாது, எல்லாரும் சீட்ல பெல்ட்டோட உட்காரணும். கிளம்பும் முன்னாடி சிலிண்டர் வால்வை மூடிடுங்க. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கி நிக்கும். ராத்திரி எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுப்பாது.

கடைசியா ஒண்ணு. இதுக்கு கணக்கு கிடையாது. நம்ம பசங்க டூர்னாலே வெள்ளிக்கிழமை கிளாஸ் முடிச்சு ராத்திரி கிளம்புறதுதான் வழக்கம். ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருப்பான். தூக்கம் வருதுன்னு சொன்னா கெத்து போயிடும்னு அவன் வாயே திறக்க மாட்டான். அதனால அண்ணன் குழுவுல ஒரு விதி எழுதி வாங்கிட்டேன்: வண்டியில இருக்கிற யார் "நிறுத்து"ன்னு சொன்னாலும், காரணம் கேட்காம ஓரங்கட்டி நிறுத்தணும். கிண்டல் பண்ணக் கூடாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

படுக்கையும் அடுப்பும் கூடவே இருக்கிற வண்டி இது. பத்திரமான இடமாப் பார்த்து ஓரங்கட்டித் தூங்கிட்டு, காலையில டீ போட்டுக் குடிச்சுட்டுக் கிளம்பலாம். மலை எங்கேயும் போயிடாது மக்களே.