ஊசலும் திறப்பும்

நேரம் அறிவதற்கென இன்று எவருக்கும் சுவர் மணிக்கூடு தேவையில்லை. சட்டைப் பையிலுள்ள தொலைபேசி ஒரு செக்கனும் பிசகாமல் நேரத்தைச் சொல்லிவிடுகிறது. இருந்தும், நூறு ஆண்டு கடந்த ஊசல் மணிக்கூடொன்று சுவரில் அசைந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைபவர் ஒரு கணம் நின்று அதைப் பார்க்காமல் போவதில்லை. இந்த ஈர்ப்புக்குப் பழைமை மீதான மோகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தான் செய்யும் வேலையை மறைக்காமல் நம் கண்முன்னே செய்து காட்டும் பொறி அது.

ஊசலின் அசைவைக் கொண்டு நேரத்தை அளக்கலாம் என்ற எண்ணம் கலிலியோவுக்கு உதித்தது. அதனை மணிக்கூடாக ஆக்கியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஆண்டு 1656. அதுவரை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிசகிய மணிக்கூடுகள், ஊசல் வந்த பின்னர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே பிசகின. ஊசலின் அசைவுக்காலம் அதன் நீளத்தில் தங்கியிருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு செக்கன் எடுக்கும் ஊசல் ஏறத்தாழ 99 சென்ரிமீற்றர் நீளமானது. அரைச் செக்கன் ஊசலுக்கு 25 சென்ரிமீற்றர் போதும். ஊசல் குண்டின் அடியிலுள்ள சிறு திருகைச் சுற்றிக் குண்டை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால், அரைச் செக்கன் மணிக்கூடு நாளொன்றுக்கு மூன்று நிமிடமளவில் விரைந்து ஓடும்.

எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்கியது ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஷ்ராம்பெர்க் நகரில் 1861 இல் தொடங்கப்பட்ட யுங்ஹான்ஸ் நிறுவனத்தின் மணிக்கூடு. முகப்பில் எட்டு முனை நட்சத்திரமும் அதனுள் ‘ஜே’ என்ற எழுத்தும் இருந்தன. மலாயாவில் புகையிரதப் பகுதியில் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய அப்பு, கப்பலில் அதைக் கொண்டுவந்தார். மலாயா ஓய்வூதியர் வீடுகள் பலவற்றில் இத்தகையதொரு மணிக்கூட்டை அந்நாளில் காணலாம். கடைந்தெடுத்த மரத்தூண்கள் இரண்டு, உச்சியில் கிரீடம் போன்றதொரு வேலைப்பாடு, வெண்ணிற முகப்பில் ரோம எண்கள். நான்கைக் குறிக்க ‘ஐ’ என்ற எழுத்து நான்கு தரம் எழுதப்பட்டிருக்கும். ஊசல் குண்டில் ‘ஆர்’, ‘ஏ’ என்று இரண்டு எழுத்துகள். செய்தவரின் பெயரெழுத்துகள் என்றே ஊரில் பலரும் நம்பினார்கள். உண்மையில் அவை ‘தாமதம்’, ‘முன்னேற்றம்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள்.

முகப்பில் இரண்டு துளைகள் உண்டு. வலப்புறத் துளையில் திறப்பைச் செருகி முறுக்கினால் மணிக்கூடு ஓடும். இடப்புறத்தில் முறுக்கினால் மணி அடிக்கும். ஒரு முறுக்கு எட்டு நாளைக்குப் போதுமானது. ஞாயிறு காலையில் அப்பு அதைச் செய்வார். மணிக்கு மணி அடிப்பது நாளொன்றுக்கு 156 தடவை. அரை மணிக்கு ஒன்று வீதம் சேர்த்தால் 180.

“சீமை மணிக்கூடு எங்கடை ஊருக்கு வந்து சோம்பேறியாகிப்போச்சு” என்று அப்பு சொல்வதுண்டு. அது வெறும் பகிடி அன்று. பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே 1672 இல் தென்னமெரிக்காவின் கயேனுக்குச் சென்றபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கு நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கக் கண்டார். நிலநடுக்கோட்டை அண்மித்த இடங்களில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். அதே விதிப்படி, கருங்காட்டில் செப்பஞ்செய்த ஊசல் யாழ்ப்பாணத்தில் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும். திருகைச் சுற்றி ஊசலைச் சற்றுக் குறுக்கினால்தான் புதிய மண்ணில் அது சரியான நேரம் காட்டும். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இம்மணிக்கூடுகளுக்கு வேறொரு பிடிவாதமும் உண்டு. மணியடிக்கும் பழைய மணிக்கூட்டின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. உள்ளே பழுது ஏற்படலாம். மின் நெருக்கடியைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. நான் அப்போது கொழும்பில் வாடகைக்கு இருந்த வீட்டில் பழைய யப்பானிய மணிக்கூடு ஒன்று இருந்தது. வீட்டுக்கார அம்மா முள்ளைத் தொடவில்லை. ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து மறுபடி அசைத்துவிட்டார். அதுவே முறை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பின்னர் ஓமந்தையைத் தாண்டியவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்வைத்துக்கொண்டார்கள். 2006 ஏப்ரல் 15 அன்று நாடு பழைய நேரத்துக்கே திரும்பும்வரை ஒரே தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன.

அந்தக் காலத்தில் எங்கள் விறாந்தைச் சுவரில் மணிக்கூடு இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்தேன். பெற்றோரும் அப்பாச்சியும் ஊரில் இருந்தார்கள். மணிக்கூட்டை அசைப்பதற்கு முன் ஊசலைக் கழற்ற வேண்டும். இல்லையேல் அது தொங்கும் மெல்லிய தகடு முறிந்துவிடும். ஐயா அவ்வாறே ஊசலைக் கழற்றித் திறப்போடு பைக்குள் வைத்தார். மணிக்கூட்டை இறக்கிச் சைக்கிளின் பின்னால் கட்டப் பார்த்தார். அந்த இடம் அப்பாச்சிக்குத் தேவைப்பட்டது. மணிக்கூடு மறுபடியும் ஆணிக்குப் போனது. பைக்குள் வைத்ததை எடுத்து மாட்ட நேரமிருக்கவில்லை, மழையும் தொடங்கிவிட்டது.

ஆறு மாதங்களின் பின் தென்மராட்சியிலிருந்து அவர்கள் திரும்பியபோது ஆணி இருந்தது. அதன் கீழே வெயிலும் புகையும் படாத வெளிறிய நீள்சதுரம் இருந்தது. யார் கொண்டுபோனார்கள் என்பது தெரியவில்லை. கேட்டறியும் இடமும் இருக்கவில்லை. ஊசலும் திறப்பும் இப்போது என்னிடம் உள்ளன.

கொழும்பின் பழம்பொருட் கடைகளில் இத்தகைய மணிக்கூடுகளைக் காணும்போதெல்லாம் முதலில் ஊசலைத்தான் பார்க்கிறேன். பெட்டியின் வயதுக்கும் ஊசலின் வயதுக்கும் பொருந்தாத மணிக்கூடுகள் ஏராளம். அவற்றின் ஊசல் எப்போதோ தொலைந்துபோக, வேறொன்றை மாட்டியிருப்பார்கள். வாங்க நினைப்போருக்கு அது விலையைக் குறைத்துக் கேட்பதற்கு ஒரு காரணம். எனக்கு அது ஒரு கேள்வி. எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டால், “பழைய வீடொன்றிலிருந்து” என்ற பதிலே கிடைக்கும். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவரும் அவ்வளவைத்தான் சொல்லியிருப்பார்.

மணிக்கூடு திருத்துபவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கழற்றித் துப்புரவாக்கிய திகதியையும் தம் அடையாளத்தையும் உள்ளே பித்தளைத் தகட்டில் கீறிவைப்பார்கள். அடுத்து அதைத் திறக்கும் தொழிலாளி மட்டுமே அவற்றைக் காண்பார். ஊர் வீட்டு மணிக்கூடு இன்னும் உங்கள் வசம் இருந்தால், ரொரன்ரோவிலோ பாரிசிலோ மட்டக்களப்பிலோ எங்கிருந்தாலும், ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தச் சுவர். உங்கள் பிள்ளைகளுக்கு அதில் அக்கறை இல்லாமல் போகலாம். என்றோ ஒருநாள் அந்த மணிக்கூடு கைமாறி எங்கோ ஒரு கடைச் சுவரில் தொங்கும்போது, எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு அதனிடமே பதில் இருக்கும்.